முதியோர் இல்லப் பணியாளர்களுக்குத் தொலைவிலிருந்து தொற்றுக் கட்டுப்பாடு கற்றுத்தருவது எப்படி

கட்டிலில் ஒரு தலையணை. அதற்கு டயப்பர் கட்டிப் பாதிவரை போர்வை போர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற பராமரிப்பாளர் இரண்டு கைகளிலும் கையுறை மாட்டிக்கொண்டு, "ஆரம்பிக்கட்டுமா சிஸ்டர்?" என்று கேட்டார். கைப்பேசியை இன்னொருவர் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு நாள் பயணத் தொலைவில், என் மேசை முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

டயப்பரைக் கழற்றினார், சுருட்டினார், மூடியுள்ள வாளியில் போட்டார். முன்னிருந்து பின்னாகத் துடைத்தார். குறை சொல்ல முடியாத வேலை. பிறகு அதே கையுறையோடு இழுப்பறையைத் திறந்து களிம்பை எடுத்தார். புது டயப்பரைக் கட்டினார். போர்வையை இழுத்துவிட்டார், கட்டில் கம்பியை ஏற்றினார், தண்ணீர்க் குவளையைக் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார். கடைசியில், யாரும் சொல்லாமலே, தலையணையில் கன்னம் இருக்க வேண்டிய இடத்தை அந்தக் கையுறைக் கையால் ஒரு தடவை வருடிக்கொடுத்தார்.

அந்த வருடலைப் பார்த்த அன்றுதான் எனக்கு இந்த வேலை பிடிபட்டது. முந்தைய நான்கு வாரங்களாக அதே பெண்ணுக்கு நான் கையுறை பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பிசகாமல் பதில் சொன்னவர் அவர். பாடம் அவர் காது வரைக்கும் போயிருந்தது. கைகள் பல வருடப் பழக்கத்தின்படி நடந்துகொண்டிருந்தன.

மருத்துவமனைகளில் நெடுங்காலம் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராக வேலை பார்த்துவிட்டு, கடந்த சில ஆண்டுகளாக முதியோர் பராமரிப்பு இல்லங்களின் பணியாளர்களுக்குக் காணொலி வழியாகத் துணை நிற்கிறேன். இவற்றை ஆங்கிலத்தில் நர்சிங் ஹோம் என்பார்கள்; அந்தப் பெயரைக் கேட்டதும் சிறிய தனியார் மருத்துவமனை நினைவுக்கு வரலாம். நான் சொல்வது, தானாக எழுந்து நடமாட முடியாத முதியவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லங்களை. இதே வேலையில் இறங்கப் போகும் செவிலியர்களுக்காகவும் மருத்துவர்களுக்காகவும், நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

அது ஒரு வீடு

மருத்துவமனை வழிகாட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே நோயாளி ஐந்து நாள் இருந்துவிட்டுப் போய்விடுவார். இங்கே அவர் குடியிருக்கிறார். ஒரே கூடத்தில் பத்துப் பேர் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், சேர்ந்து தொலைக்காட்சி பார்க்கிறார்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்கிறார்கள். மறதி நோய் உள்ளவரை "அறையை விட்டு வெளியே வராதீர்கள்" என்று சொன்னால் அடுத்த நிமிடம் வந்து நிற்பார். மருத்துவர் எப்போதும் அங்கே இருக்கமாட்டார். இரவில் முப்பது பேருக்கு இரண்டு பராமரிப்பாளர்கள் இருக்கும் இல்லத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முதியவரையும் பராமரிப்பாளர்களைப்போல அறிந்தவர்கள் யாரும் இல்லை. யார் வழக்கமாக எத்தனை மணிக்கு எழுவார், யார் குளிக்க அடம் பிடிப்பார் என்பதெல்லாம் பராமரிப்பாளருக்குத் தெரியும். முதுமையில் தொற்று வந்தால் காய்ச்சல் ஏறாமலே இருக்கலாம். சாப்பாட்டை ஒதுக்குவது, திடீர்க் குழப்பம், காரணமில்லாமல் கீழே விழுவது ஆகியவை முதல் அறிகுறியாக இருக்கும். அதை முதலில் கவனிக்கக்கூடியவர், காலையில் தலைவாரிவிடும் அந்தப் பெண்தான்.

இதனால்தான் நான் பயிற்சி என்பதைவிட வழித்துணை என்ற சொல்லை விரும்புகிறேன். இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கல்லீரல் மருத்துவரான சஞ்சீவ் அரோரா, ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்று உள்ள நோயாளிகள் தன்னைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருப்பதையும் நெடுந்தூரம் வருவதையும் பார்த்து, 2003-ல் எக்கோ என்ற திட்டத்தைத் தொடங்கினார். நோயாளிகளைத் தன்னிடம் வரவழைப்பதற்குப் பதிலாக, சிற்றூர்களிலும் சிறைச்சாலைகளிலும் வேலை பார்த்த மருத்துவப் பணியாளர்களை வாரந்தோறும் காணொலியில் சந்தித்தார். அவர்கள் தங்கள் நோயாளியின் நிலையைச் சொல்வார்கள். எல்லோரும் சேர்ந்து பேசி முடிவெடுப்பார்கள். அவர்கள் அளித்த சிகிச்சையின் பலன் பல்கலைக்கழக மருத்துவமனையின் பலனுக்குச் சற்றும் குறையவில்லை என்று 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. 2020-ல் கொரோனா பரவியபோது அந்த நாட்டின் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்காக இதே முறையில் 16 வாரப் பயிற்சி நடத்தப்பட்டது. நான் பின்பற்றுவது இதன் எளிய வடிவம்: அதே ஆட்கள், அதே நாள், அதே நேரம், அவர்கள் இல்லத்தில் நடந்த ஒரு சம்பவம்.

தொடங்கும் முன்

முதல் பேச்சு இல்லத்தின் பொறுப்பாளரோடு. இரண்டு விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்று, வகுப்பு வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும். இரவுப் பணி முடித்துவிட்டுக் கண் எரிய உட்கார்ந்திருப்பவருக்கு எதைச் சொன்னாலும் ஏறாது. அவருடைய ஓய்வு நேரத்தை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையும் இல்லை. இரண்டு, துப்புரவுப் பணியாளரும் துணி வெளுப்பவரும் சமையலறையில் இருப்பவரும் வகுப்பில் உட்கார வேண்டும். "அவர்களுக்கு எதற்கு சிஸ்டர்?" என்று கேட்காத பொறுப்பாளரை இதுவரை நான் சந்தித்ததில்லை. கிருமி பதவி பார்த்துப் பரவுவதில்லை என்று சொல்லிப் புரியவைப்பேன்.

ஒரு குழுவில் ஆறு முதல் எட்டு இல்லங்கள் போதும். அதற்கு மேல் போனால் பேசுகிறவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள். ஓர் இல்லத்துக்கு மூன்று பேர், அவர்களில் ஒருவர் இரவுப் பணியில் இருப்பவர்.

அடுத்தது நடை. ஒருவர் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து கழிவறைவரை நடக்க, நான் பார்த்துக்கொண்டே வருவேன். அப்போது முதியவர்கள் யாரும் அறையில் இருக்கக் கூடாது. முகமோ, படுக்கையில் எழுதியிருக்கும் பெயரோ திரையில் விழக் கூடாது. எதையும் பதிவு செய்யக் கூடாது. இதை முதலிலேயே எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்துவிடுவது நல்லது. கை கழுவும் தொட்டி எங்கே, அங்கே சோப்பு இருக்கிறதா, துடைக்க என்ன இருக்கிறது, அழுக்குத் துணி எந்த வழியாகப் போகிறது, சர்க்கரை பார்க்கும் கருவியை எங்கே வைக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே நடப்போம்.

ஓர் இல்லத்தில் சானிடைசர் பாட்டில் அறை வாசலில் மாட்டியிருந்தது. கடைசிக் கட்டிலிலிருந்து அதுவரை நடந்து எண்ணச் சொன்னேன். பதினான்கு எட்டு. ஒருவரைத் தொட்டுவிட்டு அடுத்தவரைத் தொடும் முன் போக வர இருபத்தெட்டு எட்டு. ஒரு பணிநேரத்தில் எத்தனை தடவை நடக்க முடியும்? அவர்கள் கை சுத்தம் செய்யாததைச் சோம்பல் என்று அந்த இல்லத்தின் பொறுப்பாளர் எண்ணியிருந்தார். எண்ணிக்கையைக் கேட்டதும் பேசாமல் குறித்துக்கொண்டார்.

அந்த ஒரு மணி நேரம்

ஒரு சுற்று என்பது பதினாறு வார வகுப்பு. முதல் சுற்றில் நான் நாற்பது படவில்லைகளோடு வந்தேன். கேமராக்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. யாராவது இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாமல் ஐம்பது நிமிடம் பேசினேன். இப்போது நான் பேசுவது பத்து நிமிடம்தான். முதலில், போன வாரம் செய்கிறேன் என்று சொன்னது என்ன ஆனது என்று ஒவ்வோர் இல்லமாகக் கேட்பேன். பிறகு என் பத்து நிமிடம். அதன்பின் வகுப்பின் பெரும்பகுதி ஒரு சம்பவத்துக்கு. கடைசியில் ஒவ்வோர் இல்லமும் அடுத்த வாரத்துக்குள் மாற்றப் போகும் ஒரே ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒன்றுதான். ஐந்து சொன்னால் ஒன்றும் நடக்காது.

சம்பவத்தைச் சொல்கிறவருக்கு முன்கூட்டியே நான் தரும் கேள்விகள் எளியவை: என்ன நடந்தது, எப்போது கவனித்தீர்கள், யார் யாருக்கு, இதுவரை என்ன செய்தீர்கள், எது உங்களைக் கவலைப்பட வைக்கிறது. அவர் சொல்லி முடித்ததும் நான் வாய் திறப்பதில்லை. மற்ற இல்லத்தவர்கள் முதலில் கேள்வி கேட்பார்கள், பிறகு யோசனை சொல்வார்கள். கடைசியாகத்தான் நான். முதலில் ஓர் அமைதி நிலவும். அது பத்து விநாடி நீண்டாலும் காத்திருங்கள். நாம் பேசி அதை நிரப்பிவிட்டால் அடுத்த வாரம் யாருமே பேசமாட்டார்கள்.

இதனால் கிடைப்பது என்ன என்பதற்கு ஓர் உதாரணம். பதினான்கு எட்டுப் பிரச்சினைக்கு, ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் சானிடைசர் மாட்டலாம் என்று நான் சொல்ல இருந்தேன். இன்னோர் இல்லத்துப் பராமரிப்பாளர் முந்திக்கொண்டு, "எங்கள் இல்லத்தில் மறதி உள்ள ஒருவர் அதை எடுத்துக் குடிக்கப் போய்விட்டார் அக்கா, கட்டிலில் வைக்காதீர்கள்" என்றார். அவர்கள் இல்லத்தில் சிறிய பாட்டிலை இடுப்பு வாரில் கோத்துக்கொள்கிறார்களாம். மருத்துவமனையில் மட்டுமே வேலை பார்த்த எனக்கு அது தோன்றியிருக்காது. இப்போது எல்லா இல்லங்களிலும் அதைத்தான் சொல்கிறேன்.

இணைப்பு அறுந்துபோனால் சாதாரணத் தொலைபேசி அழைப்பில் தொடருங்கள். வகுப்பைத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம்.

கையும் கையுறையும்

எதைக் கற்றுத்தருவதாக இருந்தாலும் கையில் தொடங்குங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களைச் சொல்கிறது: ஒருவரைத் தொடும் முன், புண் கட்டுதல் போன்ற சுத்தமான வேலைக்கு முன், இரத்தமோ கழிவோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், ஒருவரைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். சானிடைசர் என்றால் கை காயும்வரை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும்; சோப்பும் தண்ணீரும் என்றால் தொடக்கம் முதல் துடைப்பதுவரை 40 முதல் 60 விநாடி. ஆல்கஹால் அளவு 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாட்டிலைக் கேமராவுக்கு அருகில் காட்டச் சொல்லிப் படித்துவிடுங்கள்.

இதையெல்லாம் ஒப்பிக்க வைப்பது சுலபம். காட்டச் சொல்லுங்கள். வெள்ளைக் கையுறை மாட்டி, உள்ளங்கையில் நீல நீர்வண்ணம் கொஞ்சம் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போலத் தேய்க்கச் சொல்வேன். கண்ணைத் திறந்து கையைக் கேமராவுக்கு முன் விரித்தால், பெரும்பாலும் கட்டைவிரலும் விரல் நுனிகளும் வெள்ளையாகவே இருக்கும். அந்த விரல் நுனிகளால்தான் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறோம்.

தலையணையை வருடிய பெண்ணுக்கு வருகிறேன். அன்று நான் எதுவும் சொல்லவில்லை. "நன்றாகச் செய்தீர்கள். அடுத்த வாரம் இதையே நீல வண்ணத்தோடு செய்து பார்ப்போமா?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த வாரம் டயப்பருக்குள் வண்ணத்தைத் தடவி வைத்தார்கள். அவர் அதே வேலையை அதே வரிசையில் செய்தார். முடிந்ததும் கைப்பேசி பிடித்திருந்தவர் மெதுவாகச் சுற்றிக் காட்டினார். இழுப்பறையின் கைப்பிடியில் நீலம். களிம்புக் குப்பியில், கட்டில் கம்பியில், குவளையின் காதில் நீலம். தலையணை உறையில் மூன்று விரல்களின் தடம்.

அந்தப் பெண் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தினமும் இப்படித்தான் அவர்கள் கன்னத்தைத் தொடுகிறேன் சிஸ்டர்" என்றார்.

"தொடுங்கள் அம்மா. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கையுறையைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்துவிட்டு, வெறும் கையால் தொடுங்கள்" என்றேன்.

பிறகு வேலையின் வரிசையை அவரே மாற்றி அமைத்தார். தொடங்கும் முன்பே களிம்பு, புது டயப்பர், துடைக்கும் துணி எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்து வைத்துவிடுவது. அழுக்கு வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றிக் கையைச் சுத்தம் செய்து, புதுக் கையுறை மாட்டிக் களிம்பு பூசுவது. அதையும் கழற்றிக் கையைச் சுத்தம் செய்த பிறகுதான் போர்வை, கம்பி, குவளை. கையுறை தன் கையைக் காப்பதற்கு என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். கழற்றிய பின் கை கழுவத் தேவையில்லை என்றும் எண்ணுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாகவும் கழற்றும்போதும் கையில் அழுக்குப் படும். கையுறை மேலேயே சானிடைசர் பூசிக்கொண்டு அடுத்தவரிடம் போகும் வழக்கத்தையும் பார்த்தால் நிறுத்திவிடுங்கள்.

பிளீச் வாளி

துப்புரவுப் பணியாளரிடம், "கிருமிநாசினி எவ்வளவு கலப்பீர்கள்?" என்று கேட்டேன். "ஒரு மூடி" என்றார். எந்த மூடி, எந்த வாளி என்று காட்டச் சொன்னேன். மூடியில் 10 மில்லிலிட்டர்கூடப் பிடிக்காது. வாளி 10 லிட்டர். வாசனை வரும், அவ்வளவுதான்.

பிளீச் திரவமான சோடியம் ஹைப்போகுளோரைட்டை, வார்டில் நாங்கள் ஹைப்போ என்போம். அது 5 சதவீதம் என்று பாட்டிலில் போட்டிருந்தால், அன்றாடம் தரையும் கட்டில் கம்பியும் துடைக்க 0.1 சதவீதம் வேண்டும்: ஒரு பங்கு ஹைப்போவுக்கு 49 பங்கு தண்ணீர். 10 லிட்டர் வாளிக்கு 200 மில்லிலிட்டர். இரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம்: ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு. பாட்டிலில் வேறு சதவீதம் இருந்தால் கணக்கும் மாறும். அதனால் அவர்கள் பாட்டிலைப் பார்க்காமல் அளவு சொல்லவே கூடாது. நான் கணக்கைச் சொல்லித்தருவதைவிட, 200 மில்லிலிட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் குவளையில் அழியாத மையால் கோடு போட்டு, அதை வாளியோடு கட்டிவிடச் சொல்கிறேன். அந்தத் துப்புரவுப் பணியாளருக்குப் படிக்கத் தெரியாது. கோடு தெரியும்.

கூடவே சொல்ல வேண்டியவை சில. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்துவிட வேண்டும், அழுக்கு மேல் ஹைப்போ வேலை செய்யாது. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றைய வாளிக்கு வீரியம் இருக்காது. வெந்நீரில் கலக்கக் கூடாது. பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்வரை இடம் ஈரமாக இருக்க வேண்டும். தடவிய உடனே துடைத்தெடுத்தால் பயனில்லை. கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். இந்தக் கடைசி விஷயத்தை நான் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சொல்கிறேன், ஏனென்றால் "இரண்டையும் கலந்தால் நன்றாக வெளுக்கும்" என்று நம்பிச் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

துணியை ஒரு கட்டிலுக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும், சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கு, மேலிருந்து கீழே துடைக்க வேண்டும்.

மற்ற பாடங்களையும் இதே விதத்தில் காட்டச் சொல்லியே நடத்தலாம். சிறுநீர்க் குழாய் போட்டவரின் பை இடுப்புக்குக் கீழே தொங்குகிறதா, தரையில் படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கு விரிப்பை உதறாமல், உடம்போடு அணைக்காமல், கட்டிலருகிலேயே பையில் போடுகிறார்களா என்று பாருங்கள். பாதுகாப்பு உடையை அணியும்போது மேலங்கி, முகக்கவசம், கண்ணாடி, கையுறை என்ற வரிசை. கழற்றும்போது கையுறை, கண்ணாடி, மேலங்கி, கடைசியில் முகக்கவசம், பிறகு கை சுத்தம். தவறு பெரும்பாலும் கழற்றும்போதுதான் நடக்கிறது, ஆகவே அதை மூன்று முறை செய்ய வையுங்கள்.

சர்க்கரை பார்ப்பதில் மட்டும் சற்று நில்லுங்கள். விரலில் குத்தும் பேனாவையும் சர்க்கரைக் கருவியையும் பலருக்குப் பகிர்ந்ததால் பராமரிப்பு இல்லங்களில் ஹெபடைடிஸ் பி பரவிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஊசியை மாற்றினால் போதும் என்று எண்ணுகிறார்கள். பேனாவின் முனையிலும் இரத்தம் ஒட்டியிருக்கும். குத்தும் கருவி ஒருவருக்கு ஒன்று, அல்லது ஒரே முறை பயன்படுத்தி வீசுவது. அளக்கும் கருவியை ஆளுக்கொன்று வைக்க முடியாவிட்டால் ஒவ்வொருவருக்குப் பின்பும் தயாரிப்பாளர் சொன்னபடி கிருமிநீக்கம் செய்ய வேண்டும்.

மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு

ஒரு வகுப்பில் ஓர் இல்லத்தவர், இரண்டு நாளில் மூன்று பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் என்றார். "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலும்" என்று தனித்தனியாக எழுதிவைத்திருந்தார்கள். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுக்கச் சொன்னேன். பெயருக்குப் பதில் எண், அறை, எந்த நாள், எந்த நேரம் தொடங்கியது, கடைசியாக யார் பராமரித்தார். எழுதி முடித்ததும் வேறோர் இல்லத்தவர் கண்டுபிடித்தார்: மூவருக்கும் ஒரே இரவுப் பணியாளர்.

அன்றைய முடிவுகள் இவை. சந்தேகம் தெளியும்வரை சானிடைசரை நம்பாமல் சோப்பும் தண்ணீரும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் போதிய பலன் தராது, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற நுண்ணுயிரின் வித்துகளை அது கொல்லாது. மூவருக்கும் தனிக் கழிவறை. கூடத்தில் சேர்ந்து சாப்பிடுவது நிறுத்தம். மருத்துவருக்கும் சுகாதாரத் துறைக்கும் அன்றே தகவல். வயிற்றுப்போக்கு உள்ள பணியாளர், நின்ற பிறகும் குறைந்தது 48 மணி நேரம் வேலைக்கு வரக் கூடாது.

அந்த இரவுப் பணியாளர் திரையின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வயிறு சரியில்லை என்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் பதில் தெரியும். விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி இல்லை. வகுப்பு முடிந்ததும் நான் அந்த இல்லத்தின் உரிமையாளரை அழைத்து, நோய்க்கால விடுப்புக்குச் சம்பளம் தராதவரை என் பத்து நிமிடப் பாடத்தால் எந்தப் பயனும் இல்லை என்று சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று முறை பேச வேண்டியிருந்தது. வழித்துணையாக இருப்பவர் இதைத் தன் வேலை இல்லை என்று ஒதுக்கக் கூடாது. பணியாளர் கேட்க முடியாததை வெளியிலிருக்கும் நாம் கேட்க முடியும்.

சொறிசிரங்குக்கும் இதே தாள் உதவும். முதல் முறை தொற்றுகிறவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஒருவர் சொறியத் தொடங்கும்போது அது ஏற்கெனவே பலரிடம் போயிருக்கும். பாதிக்கப்பட்டவர்கள், அவர்களைத் தொட்டுப் பராமரித்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மருத்துவர் சொல்லும் சிகிச்சை நடக்க வேண்டும்.

திட்டக் கூடாது

என் இரண்டாவது சுற்றில், படுக்கைப்புண் கட்டை வெறும் கையால் அவிழ்த்த ஒரு பராமரிப்பாளரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவர் அடுத்த வாரம் வரவில்லை. அதன்பிறகு அந்த இல்லத்திலிருந்து ஒரு சம்பவம்கூட வகுப்புக்கு வரவில்லை; சளிக்காய்ச்சல் பரவி ஏழு பேர் படுத்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்த ஏழு பேரை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். இப்போது ஒருவர் தவறைக் காட்டினால், காட்டியதற்கு முதலில் நன்றி சொல்கிறேன், பிறகு இதே நிலைமை வேறு யாருக்கு நேர்ந்திருக்கிறது என்று கேட்கிறேன். நான்கு கைகள் உயரும்.

முன்னேற்றத்தை அளப்பதிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். வாரம் பத்துத் தருணங்களை ஒரு சக பணியாளர் கவனித்து, எத்தனையில் கை சுத்தம் நடந்தது என்று கோடு போடட்டும்; யார் என்று எழுத வேண்டாம். யாரோ பார்க்கிறார்கள் என்றால் எல்லோரும் ஒழுங்காகவே செய்வார்கள், ஆகவே கூடவே சானிடைசர் ஒரு வாரத்தில் எத்தனை பாட்டில் தீர்கிறது என்றும் பாருங்கள். பாட்டில் யாருக்காகவும் நடிக்காது.

பதினாறு வாரம் முடிந்தால்

சுற்று முடிந்ததும் தொடர்பை அறுத்துவிடாதீர்கள். மாதம் ஒரு முறை அரை மணி நேரம் போதும். பணியாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆறு மாதத்தில் பாதிப் பேர் புதியவர்களாக இருக்கலாம். எனவே ஒவ்வோர் இல்லத்திலும் பணியாளர் ஒருவரைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாக்கி, புதியவர் சேர்ந்த முதல் வாரத்திலேயே தலையணைப் பயிற்சியை அவர் நடத்தும்படி ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் பொறுப்புக்கு ஏற்ற நேரத்தையும் சிறிய ஊதிய உயர்வையும் நிர்வாகத்திடம் கேட்டு வாங்கிக்கொடுங்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு முதியவரும் நலமாக இருக்கும் நாளில் அவருடைய வழக்கமான வெப்பநிலையைக் குறித்து வைக்கச் செய்யுங்கள். முதியவர்களுக்கு 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலே காய்ச்சல் என்று கொள்ள வேண்டும். தாண்டாவிட்டாலும், வழக்கத்தைவிட 2 டிகிரிக்கு மேல் கூடினால் கவனிக்க வேண்டும். இதை ஆறாவது வாரத்தில் சொல்லியிருந்தேன்.

ஒரு சுற்று முடிந்து இரண்டு மாதம் கழித்து, இரவு பதினொரு மணிக்கு அந்தத் தலையணைப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. மூன்றாம் அறையில் ஒருவர் இரவு உணவைத் தொடவில்லை, மகளின் பெயரைச் சொல்லித் தன்னை அழைக்கிறார், வெப்பநிலை 99.6, வழக்கமாக 97.2. மருத்துவரை அழைத்துச் சொல்லிவிட்டேன், அவர் வந்துகொண்டிருக்கிறார், பக்கத்துக் கட்டில்காரரை வேறு அறைக்கு மாற்றிவிட்டேன், நீங்கள் தூங்குங்கள் சிஸ்டர் என்று எழுதியிருந்தார்.